ஞாயிற்றுக்கிழமை வயிற்றுக்குத்து

"ரீச்சர், எனக்கு வாற ஞாயிற்றுக்கிழமை வயித்துக்குத்து வரும்."

கஜானி நிமிர்ந்து பார்த்தாள்.

ஆலோசனை ஆசிரியையாக இந்த ஆரம்பப் பாடசாலைக்கு வந்த நாள்முதல் அவள் கேட்காத வயிற்றுக்குத்து இல்லை. கணக்குப் பாடம் தொடங்கியதும் வருவது, அப்பா குடித்துவிட்டு வந்த மறுநாள் வருவது, ஒரே வாங்கில் பக்கத்தில் இருப்பவள் கோபம் போட்டால் வருவது. ஆனால் நாள் குறித்துக்கொண்டு வரப்போகிற வயிற்றுக்குத்து?

எதிரில் இருந்தவள் தர்சிகா. ஐந்தாம் வகுப்பு. சில நாளாகச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோகிறாள் என்று கூட்டாளிகள் சொன்னதால்தான் கஜானி அவளைக் கூப்பிட்டிருந்தாள்.

"ஆரம்மா சொன்னது, வயித்துக்குத்து வருமெண்டு?"

"சுபாஸ்கரன் சேர். எங்கடை வீட்டை வந்து அம்மாட்டைச் சொன்னவர். அம்மா சொன்னவ, அண்டைக்கு வெள்ளன எழும்ப வேண்டாமாம், போர்த்துக்கொண்டு படுத்திருக்கட்டாம்."

வருகிற ஞாயிற்றுக்கிழமை. நாட்டிலுள்ள ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிற நாள்.

"உங்களுக்குச் சோதினை எழுத விருப்பமோ?"

தர்சிகா பின்னல் நுனியைச் சுருட்டினாள். "எனக்குக் கணக்கு வராது ரீச்சர். ஆனா..."

"ஆனா?"

"அங்கை எனக்கெண்டும் ஒரு மேசை போட்டிருப்பினம்தானே? நான் போகாட்டி அது சும்மாவே கிடக்கும்?"

கஜானி பிள்ளையின் தலையைத் தடவி வகுப்புக்கு அனுப்பினாள். கதவைச் சாத்தினாள்.

அந்த மனிதர் இன்னும் அதைத்தான் செய்கிறார்!

*

சுபாஸ்கரன் சேரைத் தெரியாதவர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. உடுவில் பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கொண்டுவந்து அவருடைய வகுப்பில் சேர்ப்பார்கள். ஒவ்வொரு வருடமும் பெறுபேறு வந்த மறுநாள் சந்தி மதிலில் பதாகை ஏறும். 'தோற்றிய மாணவர் அனைவரும் எழுபது புள்ளிகளுக்கு மேல். நூறு வீதம்!' நடுவில் மாலையோடு சேர், சுற்றிவரப் பிள்ளைகளின் முகங்கள்.

தோற்றாத மாணவர் யார் என்று ஊரில் ஒருவரும் கேட்டதில்லை.

சேரின் வேலைமுறை சுத்தமானது. எழுபது எடுக்கமாட்டாது என்று கண்ட பிள்ளைகளின் வீட்டுக்குப் பரீட்சைக்கு முந்தின கிழமை தானே நேரில் போவார். கொடுத்த தேத்தண்ணியைக் குடிப்பார். குரலைத் தாழ்த்துவார். "பிள்ளைக்கு மானக்கேடு வரக்கூடாது பாருங்கோ. அண்டைக்கு வயித்துக்குத்து எண்டு நிப்பாட்டிவிடுங்கோ. ஊருக்குள்ளை ஒருத்தரும் ஒண்டும் கதைக்காயினம்."

தாய்மார் கண்கலங்கிப் போவார்கள். தங்கள் பிள்ளையின் மானத்தைக் காப்பாற்ற ஒரு வாத்தியார் வீடு தேடி வருகிறாரென்றால் சும்மாவா? வெறுங்கையோடு அனுப்புவார்களா? ஒரு வீட்டில் முருங்கைக்காய்க் கட்டு. இன்னொரு வீட்டில் ஒரு சாடி நல்லெண்ணெய்.

பல வருடங்களுக்கு முன் கஜானியின் வீட்டில் அது கப்பல் வாழைக்குலை. அம்மா ஞானாம்பிகை தன் கையாலேயே வெட்டி, சேரின் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டியும் விட்டாள். பரீட்சையன்று காலை ஐந்தாம் வகுப்புக்கார அண்ணை மயூரதன் கட்டிலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு குந்தியிருந்தான். அவனுடைய வெள்ளைச் சேட்டு மினுக்கின மடிப்புக் குலையாமல் கொடியில் தொங்கியது. மூன்றாம் வகுப்புக்காரியான கஜானி அண்ணைக்கு உண்மையிலேயே சுகமில்லை, வருத்தம் என்று நம்பிக் கோப்பி ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் குடிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊர் கதைக்காது என்றாரே சேர், ஊருக்குக் கதைக்கத் தெரியாதா? திங்கட்கிழமை மயூரதனுக்கு 'குத்து' என்று பட்டம் வைத்தாயிற்று. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அதன்பிறகு எந்தச் சோதனை வந்தாலும் அவனுக்கு உண்மையாகவே வயிற்றைக் குத்திப் பிடித்தது. பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனையன்று மண்டப வாசலில் வயிற்றைப் பொத்திக்கொண்டு விழுந்தவன் அதோடு படிப்பை விட்டான். சேரின் கணக்கில் ஒரு தலை குறைந்தது. அண்ணைக்கு ஆயுள் முழுக்க ஒரு பெயர் கூடியது.

கஜானி உளவியல் படித்ததே அந்த வயிற்றுக்குத்துக்குப் பெயர் கண்டுபிடிக்கத்தான். கண்டுபிடித்தாள். பெயர் தெரிந்ததும் ஆத்திரம் இரட்டிப்பானதுதான் மிச்சம். அரியாலையில் வசதியான பாடசாலையில் இருந்தவள், விசர்க்காரி என்று எல்லோரும் ஏச ஏச, மாற்றம் கேட்டு இங்கே வந்தாள். விளையாட்டுச் சாமான் அடுக்குகிற அறையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் அதற்கு 'கதைக்கிற அறை' என்று பெயர் வைத்தார்கள். சுபாஸ்கரன் சேர் வைத்த பெயர் வேறு.

"என்ன ரீச்சர், இண்டைக்கு ஒப்பாரி மண்டபத்திலை என்ன விசேசம்?"

ஆசிரியர்கள் சிரிப்பார்கள். கஜானியும் சிரிப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்க அவளுக்குப் பழகியிருந்தது. அவள் யாருடைய தங்கச்சி என்று அவருக்குத் தெரியாது.

சேர் இந்த வருட முடிவில் ஓய்வு பெறுகிறார். கனடாவிலிருந்து பழைய மாணவர்கள் வந்து பெரிய விழா எடுக்கப் போகிறார்கள். 'நூறுவீதச் செம்மல்' என்று பட்டமும் தயார்.

கடைசி வருடம். கடைசிப் பதாகை. அது ஏறக்கூடாது. கஜானிக்கு வேண்டியது அவ்வளவுதான்.

*

அறையில் பிள்ளை சொன்னது அறையைத் தாண்டக்கூடாது. அது அவளுடைய தொழிலின் முதற்சட்டம். ஆகவே வலயக் கல்விக் கந்தோருக்கு முறைப்பாடு எழுத முடியாது. ஆனால் சுகமில்லாத பிள்ளையை ஆலோசனை ஆசிரியை வீட்டுக்குப் போய்ப் பார்க்கக்கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். "ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யப் போறீங்கள்?" கேள்வி அவ்வளவுதான். தர்சிகாவோடு சேர்த்து நாலு பேருக்கு வயிற்றுக்குத்து வர இருந்தது. இரண்டு பேர், எழுத விருப்பமா என்று கேட்டதும் கதிரை நுனிக்கே வந்துவிட்டார்கள்.

நாலாவது ஜெரோசன். மெலிந்த, கண் மட்டும் பெரிதான பையன்.

"எனக்கு வேண்டாம் ரீச்சர். நான் வீட்டிலை நிக்கிறன்."

"ஏன் ராசா?"

"எனக்குப் பயம்."

ஆலோசனை சொல்லப் படித்தவளுக்கு அந்த ஒரு சொல் போதும். அதற்குமேல் தள்ளக்கூடாது. கஜானிக்கு அது தெரியும். ஆனாலும் வாய் வேறு கதைத்தது.

"சும்மா போய் இருந்து பாருங்கோவன். எல்லாரும் வருகினம்."

பையன் நிலத்தைப் பார்த்தான். கஜானி அதை ஓம் என்று எடுத்துக்கொண்டாள். நூறை உடைப்பதற்கு மூன்று தலையைவிட நாலு தலை நல்லது.

சனிக்கிழமை பின்னேரம் அண்ணையிடம் போனாள். மயூரதனுக்கு இப்போது வெங்காயத் தோட்டமும், பின்னால் இழுவைப் பெட்டி கொழுவிய லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் ஒன்றும் இருந்தன. ஊரில் யாருக்குச் சாமான் ஏற்ற வேண்டுமென்றாலும் 'குத்தின்ரை லாண்ட்மாஸ்ரரைப் பிடி' என்பார்கள்.

"அண்ணை, நாளைக்கு வெள்ளன வாகனம் வேணும்."

"என்ன ஏத்த? வெங்காயமோ?"

"பிள்ளையள்."

சொல்லி முடித்தாள். மயூரதன் கையிலிருந்த சாவியைக் கீழே வைத்தான்.

"உனக்கென்ன விசரோ கஜா? நானே மறந்துபோன கதையை நீ ஏன் தூக்கிக்கொண்டு திரியிறாய்?"

"நீ மறந்திட்டாய். ஊர் மறந்ததோ? இப்பவும் உன்னை என்னண்டு கூப்பிடுறாங்கள்?"

"கூப்பிட்டா என்ன, கூலி தாறாங்கள்தானே?" சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டான். "உன்ரை பழிக்குப் பிள்ளையளை இழுக்காதை. சொல்லிப்போட்டன்."

"பிள்ளையளே கேக்குதுகள் அண்ணை. தங்களுக்கும் மேசை போட்டிருக்குமாமெல்லோ."

மயூரதன் கீழே வைத்த சாவியைத் திரும்ப எடுத்தான்.

"நாலுமே கேட்டதுகள்?"

"ஓம்."

பொய் அவ்வளவு லேசாக வந்தது.

"சரி, போ. பெட்டியைக் கழுவிப்போட்டு வாறன். வெங்காய மணத்தோடை பிள்ளையளைச் சோதினைக்கு ஏத்தேலாது."

*

ஞாயிறு விடிய, தர்சிகாவின் தாய் பிரதீபா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். படலையடியில் லாண்ட்மாஸ்ரர் இரைச்சலோடு வந்து நின்றதும் விளக்குமாறு கையோடு நின்றது.

"என்ன ரீச்சர், விடியவெள்ளன?"

"பிள்ளைக்குச் சுகமில்லையாம் எண்டு கேள்விப்பட்டு வந்தனான்."

"ஓம் ரீச்சர்... வயித்துக்குத்து. இரவெல்லாம் ஒரே அனுக்கம்."

"ஐயையோ! அப்ப நிண்டு கதைக்க நேரமில்லை, தூக்குங்கோ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம், வாகனத்தோடைதான் வந்தனான். குடல்வளரியா இருந்தால் இண்டைக்கே வெட்டிப்போடுவினம்."

"வெட்டுறதோ?" பிரதீபாவின் முகம் வெளுத்தது. "சீச்சீ, அவ்வளவுக்கு ஒண்டுமில்லை ரீச்சர்."

"அப்ப சுகமோ?"

"சுகந்தான்... எண்டாலும்..."

"சுகமெண்டால் சோதினைக்கு வரட்டும். சுகமில்லையெண்டால் ஆஸ்பத்திரிக்கு வரட்டும். ரெண்டுக்கும் ஒரே ரோட்டுத்தான். எதெண்டு நீங்களே சொல்லுங்கோ."

பிரதீபா பதில் சொல்லுமுன் உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. போர்வை விலகியது. உள்ளே இருந்தவள் வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, சப்பாத்து என்று எல்லாம் போட்டு ஆயத்தமாகத்தான் படுத்திருந்தாள்.

"எடியே கள்ளி!" என்றாள் தாய். திட்டும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுகணம் பயம் வந்தது. "சேர் என்னைத்தான் பேசுவார் ரீச்சர்."

"பேசினால் என்ரை பேரைச் சொல்லுங்கோ. அதுக்குத்தான் நான் இருக்கிறன்."

அடுத்த இரண்டு வீட்டிலும் அதே ஆஸ்பத்திரி, அதே குடல்வளரி. பொய்யை ஒத்துக்கொள்ளவும் முடியாமல், பிள்ளையை வெட்டக் கொடுக்கவும் முடியாமல் தாய்மார் தடுமாறி நிற்க, பிள்ளைகள் பெட்டியில் ஏறினார்கள்.

ஜெரோசன் வீட்டில் கஷ்டமே இருக்கவில்லை. குடல்வளரி என்ற சொல்லைக் கேட்டதும் தாயே அவனை வெளுத்து உடுத்திக் கொண்டுவந்தாள். அவன்தான் படலைக் கப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அழவில்லை. தாய் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தூக்கிப் பெட்டியில் இருத்தினாள்.

கஜானி அந்த விரல்களைப் பார்த்தாள். 'இறக்கிவிடுங்கோ' என்று ஒரு சொல் போதும். சொல்லவில்லை.

"உவன் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கிறான்?" மயூரதன் திரும்பிக் கேட்டான்.

"சோதினைப் பயம். நீ ஓட்டு அண்ணை!"

*

பரீட்சை நிலையத்து வாசலில் சனம் நெருக்கியடித்தது. நடுவில் வேட்டி கட்டி, திருநீற்றுத் தட்டோடு சுபாஸ்கரன் சேர். தன் பிள்ளைகளின் நெற்றியில் பூசி, சுட்டெண் அட்டையை நெஞ்சில் குத்தி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். அப்போதுதான் லாண்ட்மாஸ்ரர் படபடத்துக்கொண்டு வந்து வாசலை மறித்து நின்றது.

"என்னடாப்பா குத்து, உன்ரை வெங்காயமெல்லாம் சப்பாத்துப் போட்டிருக்குது?" என்று யாரோ கத்தினான். சனம் சிரித்தது.

சேர் சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்து குதித்த நாலு தலைகளையும் எண்ணினார். முகம் கறுத்தது.

"உவையளுக்கு வருத்தமெல்லோ ரீச்சர்?"

"உங்களுக்கு ஆர் சேர் சொன்னது?" கஜானி வாசல் முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டாள். "எனக்கே இப்ப வீடுவீடாப் போன இடத்திலைதான் தெரியும். நீங்கள் இஞ்சை நிண்டுகொண்டே கண்டுபிடிச்சிட்டியளே!"

சிரிப்பு நின்றது. தாய்மார் இரண்டொருவர் சேரைத் திரும்பிப் பார்த்தார்கள். பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்த அதிகாரி அம்மா உள்ளேயிருந்து அதட்டினார். "என்ன அங்கை பிரச்சினை? பிள்ளையளை உள்ளுக்கு விடுங்கோ!"

கஜானி கையை நீட்டினாள். "சுட்டெண் அட்டை சேர். மிச்ச நாலும் உங்கடை சேட்டுப் பொக்கற்றிலைதானே இருக்கு? இல்லை, நீங்களே குத்திவிடுங்கோ. உங்கடை கையாலை குத்தினால்தான் ராசி."

ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. வேறு வழியில்லை. சேர் குனிந்தார். தர்சிகாவின் சட்டையில் ஊசி ஏறவில்லை. இரண்டாம் தரமும் ஏறவில்லை. அந்த விரல்களை கஜானி கண் வாங்காமல் பார்த்தாள். இத்தனை வருடம் காத்திருந்தது இதற்குத்தான்.

நாலு பேரும் உள்ளே போனதும் சேர் அவளுக்குக் கிட்டே வந்தார். சீறுகிற குரல்.

"ஆர் உம்மை ஏவிவிட்டது?"

"ஒருத்தரும் ஏவேல்லை சேர். நான் மயூரதன்ரை தங்கச்சி."

"எந்த மயூரதன்?"

கஜானி இந்தக் காட்சியை மனத்துக்குள் எத்தனையோ விதமாக நடத்திப் பார்த்திருக்கிறாள். அவர் அதிர்வார், மழுப்புவார், கும்பிடுவார். இப்படி ஒரு கேள்வி வருமென்று நினைத்ததேயில்லை. அவருடைய கண்ணில் நடிப்பில்லை. உண்மையாகவே அவருக்கு அந்தப் பெயர் தெரியவில்லை.

நாடியால் லாண்ட்மாஸ்ரரைக் காட்டினாள். சேர் திரும்பிப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"ஓ... குத்தோ!"

தெரிந்த ஆளைக் கண்டுவிட்ட சந்தோசம்கூட அந்தக் குரலில் இருந்தது. உள்ளே மணி அடித்தது. ஒரு வருடத்து நூறு வீதத்தை உடைத்தால் போதும் என்று நினைத்திருந்தவளுக்கு அந்தக் கணத்திலிருந்து அது போதாமல் போயிற்று.

*

பெறுபேறு வந்தது. நாலு பேரும் எழுபதுக்குக் கீழே. சந்தி மதில் வெறுமையாகக் கிடந்தது. அந்த வெறும் மதிலைப் பார்ப்பதற்கென்றே கஜானி ஸ்கூட்டியைச் சுற்றுப்பாதையால் விட்டாள். பொய் சொல்வானேன், கற்கண்டாக இனித்தது.

தர்சிகா சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கத் தொடங்கியிருந்தாள். "என்ரை மேசை ஜன்னலோரம் ரீச்சர். ஒரு மைனா வந்து பாத்தது!" என்பாள். புள்ளியைப் பற்றி ஒரு கதையும் இல்லை.

ஜெரோசன்தான். கஜானியைக் கண்டால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைந்தான். கூப்பிட்டால் வரவில்லை. தொண்டையில் தைத்த மீன்முள்ளாக அது அவளுக்குள் நின்றது. சோறு உருட்டி விழுங்கியும் இறங்கவில்லை.

ஒரு நாள் அதிபர் அடைக்கலநாதன் அவளைக் கந்தோருக்கு அழைத்தார். யாரோடும் பகைக்கத் தெரியாத மனிதர்.

"ரீச்சர், சேர் நாளைக்கு உம்மட்டை வருவார். அந்த நாலு பேரும் விசேட தேவையுள்ள பிள்ளையள் எண்டு நீர் ஒரு கையெழுத்து வச்சால், அவையளை விட்டிட்டுக் கணக்குப் பாக்கலாமாம். நூறு நூறாவே நிக்குமாம். கனடாக்காரர் வேறை பட்டத்தோடை பிளேன் ஏறப் போகினம்..."

"நீங்கள் என்ன சொல்லுறியள் சேர்?"

"நான் என்னத்தைச் சொல்ல? மனிசன் வெளிக்கிடுற நேரம்..."

"வரட்டும்" என்றாள் கஜானி.

அன்றிரவு படுக்கும்வரை, அவருக்குச் சொல்ல வேண்டியதை வாய்க்குள் தீட்டித் தீட்டிக் கூர் ஆக்கினாள். எடுத்தவுடன் 'எந்தச் சுபாஸ்கரன்?' என்று கேட்க வேண்டும். பிறகுதான் மற்றதெல்லாம்.

மறுநாள் இடைவேளையில் கதவு தட்டப்பட்டது. திறந்தால் ஜெரோசன்.

ஒன்றும் கேட்காமல் கதிரையைக் காட்டினாள். இருந்தான். அதற்குள் வாசலில் இன்னொரு நிழல் விழுந்தது.

"ரீச்சர், ஒரு சின்ன விசயம்..." சேரின் குரலில் வழமையான நக்கல் இல்லை.

"வெளியிலை இருங்கோ சேர். பிள்ளை கதைக்க வந்திருக்கிறார்."

"ரெண்டு நிமிசம்தான்."

"பிள்ளை முதல்."

வெளியே பிள்ளைகளுக்கென்று போட்ட குட்டை வாங்கு. ஊரே எழும்பி நின்று கும்பிடுகிற மனிதர் முழங்கால் நெஞ்சில் முட்ட அதில் குந்தினார். போகிற வருகிற பிள்ளைகள் பார்த்துக்கொண்டு போனார்கள். பூக்கல் சுவரின் துளைகளால் அதைக் கண்ட கஜானிக்கு உள்ளே குளிர்ந்தது.

"நான் வேண்டாமெண்டு சொன்னனான்தானே ரீச்சர்?"

ஜெரோசன் கதைத்துவிட்டான். கஜானி திரும்பினாள்.

"தாளைத் தந்தவுடனை எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தது. எனக்குச் சத்தி வந்தது. மேசையிலேயே எடுத்துப்போட்டன். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பாத்தவை. நான் அம்மாட்டைக்கூடச் சொல்லேல்லை." அவனுடைய குரல் உயர்ந்தது. "நீங்கள் கேட்டனீங்கள். நான் வேண்டாமெண்டன். பிறகும் ஏன் ஏத்தினீங்கள்?"

வெளியே வாங்கு கிறீச்சிட்டது. சேர் செவியைச் சுவரோடு சாய்ப்பது துளையால் தெரிந்தது.

தீட்டி வைத்த சொற்களெல்லாம் வாய்க்குள்ளேயே காய்ந்துபோயின. எதிரியின் கையில் கத்தியை இந்தச் சின்னப் பையன் கொடுத்துக்கொண்டிருக்கிறான். 'மெல்லக் கதையுங்கோ' என்று சொல்லலாம். நுனிநாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கினாள்.

"பிழை என்னிலைதான் ராசா" என்றாள், வெளியே கேட்கட்டும் என்றே. "நீங்கள் வேண்டாமெண்டது எனக்குக் கேட்டது. வேறை ஒராளிலை எனக்கிருந்த கோவத்துக்கு உங்களை ஏத்திக்கொண்டு போனன். நான் செய்தது பிழை."

பெரிய ஆட்கள் அப்படிச் சொல்லி அவன் கேட்டதில்லைப் போலும். அந்தப் பெரிய கண்கள் அவளையே பார்த்தன.

கதவு திறந்தது. சேர் நின்றார். உதட்டில் பழைய சிரிப்பு திரும்பி வந்திருந்தது.

"எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான் ரீச்சர். விருப்பமில்லாத பிள்ளையைச் சொந்தக் கோவத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. இதை வலயத்திலை சொன்னால் உம்மடை உத்தியோகம் என்னாகும்? வேண்டாம். நான் அப்பிடிப்பட்ட ஆளில்லை. அந்த ஒரு கையெழுத்தை வையும், ரெண்டு பேரும் மறந்திடுவம்."

கஜானி எழும்பினாள்.

"வாங்கோ சேர், இப்பவே போவம் வலயத்துக்கு. நான் செய்ததை நானே சொல்லுறன். எனக்குத் தாறதைத் தரட்டும். நீங்கள் எந்த வீட்டிலை தேத்தண்ணி குடிச்சு எந்தப் பிள்ளையை நிப்பாட்டினீங்கள் எண்டதை நீங்கள் சொல்லுங்கோ. இந்த வருசத்தது மட்டுமில்லை. எங்கடை வீட்டுத் தேத்தண்ணியிலை இருந்து."

சிரிப்பு வந்த வழியே போயிற்று.

"சேர்."

சின்னக் குரல். இருவரும் திரும்பினார்கள்.

"நீங்களும் என்னைக் கேக்கேல்லைத்தானே சேர்?" என்றான் ஜெரோசன். "நான் அங்கைதான் நிண்டனான். அம்மாட்டைத்தான் கேட்டனீங்கள்."

"நீ வகுப்புக்குப் போ."

பையன் எழும்பவில்லை. கஜானியைப் பார்த்தான். அவள் கையைக் காட்டி அவனை இருக்கச் சொன்னாள்.

"இது அவரின்ரை நேரம் சேர். அவர் கேட்டதுக்கு மறுமொழி சொல்லுங்கோ. நான் என்ரை பங்கைச் சொல்லிப்போட்டன்."

மூலையில் கிடந்த முதலாம் வகுப்புக் கதிரையை இழுத்து அவனுக்கு நேரெதிரே போட்டாள். சேர் வாசலைப் பார்த்தார். அங்கே இடைவேளைப் பிள்ளைகள் ஓடுவதும் கத்துவதுமாக இருந்தார்கள். அத்தனை பேருக்கு நடுவால் வெளியே போக வேண்டும். கையெழுத்து இல்லாமல் போக வேண்டும்.

இருந்தார்.

"அது... தம்பி..." என்று தொடங்கினார். நின்றார். தேற்றுகிற சொற்கள், வீடுவீடாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த அந்தச் சொற்களெல்லாம் தாய்மாருக்கென்று செய்தவை. பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை.

கஜானிக்கு உதவி செய்யத் தெரியும். வார்த்தை வராமல் தவிக்கிறவருக்கு ஒரு சின்ன அடியெடுத்துக் கொடுப்பதும் அவளுடைய தொழில்தான். கொடுக்கவில்லை.

கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

"அவசரமில்லை சேர்" என்றாள். "யோசிச்சுச் சொல்லுங்கோ."